கையும் கருத்தும்

கீரமங்கலத்தில் பொழுது புலருமுன்பே பூ மணக்கும். செரியலூரிலிருந்தும் பனங்குளத்திலிருந்தும் குளமங்கலத்திலிருந்தும் மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும். கமிஷன் கடைகளில் விலை கூவப்படும். கதிரவன் மேலேறுமுன் பெரும்பகுதி வெளியூருக்கு வண்டியேறிவிடும். எஞ்சியதில் ஒரு பங்கு வீடுகளுக்குள் நுழைந்து, திண்ணைகளில் குவிந்து, நாரிலும் நூலிலும் ஏறிச் சரமாகும். அத்தகைய திண்ணைகளுள் ஒன்று நம்முடையது.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காளின் மக்கள் இருவரும் வந்திருந்தனர். மூத்தவள் ஏழு வயதுச் சிறுமி. இளையவன் ஐந்து வயதுப் பொடியன். நுங்கு தின்று முடித்த கூடுகள் இரண்டைப் பொறுக்கி, நடுவே ஒரு குச்சியைச் செருகி, கவட்டைக் கம்பு ஒன்றை வெட்டிப் பொருத்தி, வண்டியொன்று செய்துவிட்டாள் சிறுமி. எவரும் சொல்லித் தரவில்லை. இரண்டு கூடு உடைந்தது, மூன்றாவது நிலைத்தது. தெருவில் அவள் ஓட்டிய ஓட்டத்தில் கோழிகள் கூரையேறின. பொடியனோ அம்மாச்சியின் அருகில் அமர்ந்து, ஒரு முல்லை மொட்டை எடுத்து நாரில் வைத்து, "எனக்கும் கட்டச் சொல்லித் தாங்க அம்மாச்சி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஆம்பளப் புள்ளைக்குப் பூ எதுக்குய்யா? போயி அந்த வண்டிய வாங்கி ஓட்டு. ஏ புள்ள, நீ இங்க வந்து நார எடு" என்றார் அம்மா.

இரண்டே கட்டளை! ஒன்றால் ஒரு கையிலிருந்த பூ போயிற்று. மற்றொன்றால் இன்னொரு கையிலிருந்த வண்டி போயிற்று. மனுவின் சுவடியை நம் அம்மா கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. ஆயினும் அச்சுவடி திண்ணையில் வந்து அமர்ந்து, அம்மாவின் வாயால் அன்பாகப் பேசிற்று. முதலில் நாமும் சிரித்தோம். சிரித்தபின்தான் உறைத்தது.

குழந்தையின் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது கல்வியா, கட்டா? இந்தக் கேள்விக்கு நம்மிடம் நெடுநாளாக ஒரு விடை உண்டு என்று எண்ணியிருந்தோம். 1953ஆம் ஆண்டு, சென்னை மாநிலத்தின் முதலமைச்சராயிருந்த ஆச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் தந்தையின் தொழிலைப் பழகலாம் என்றார். அதாவது, வெளுப்பவர் மகன் துறைக்கு, வனைபவர் மகன் சக்கரத்துக்கு, சிரைப்பவர் மகன் கத்திக்கு! கோப்புகளை வைத்திருந்தவர் மகன் எங்கே போவான் என்று சொல்லவும் வேண்டுமோ? குலக்கல்வி என்று இயக்கம் அதற்குப் பெயரிட்டது. எதிர்ப்பு ஊரூராய் எழுந்தது. 1954இல் ஆச்சாரியார் விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் தோழர்களே, அன்று எதிர்க்கப்பட்டது எது? மண்ணையா எதிர்த்தனர்? நாரையும் நூலையும் உளியையும் சுத்தியலையுமா எதிர்த்தனர்? பிறப்பைப் பார்த்து வேலையைப் பங்கிட்ட அந்த வாயை எதிர்த்தனர். நாமோ வெற்றியைப் பெற்றுக்கொண்டு பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டோம். நாலெழுத்துப் படித்த வீடுகளில், "எம் புள்ள கையில் மண்ணு படாம வளக்குறேன்" என்பது பெருமைப் பேச்சாகிவிட்டது. கையால் செய்வது இழிவு என்று முதலில் சொன்னவர்கள் கையால் ஒன்றும் செய்யாதவர்கள். அவர்களை எதிர்த்துக்கொண்டே அவர்கள் கருத்தைக் குழந்தைக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டுகிறோமே, இதென்ன விந்தை!

இதை எழுதும்போது ஒரு தந்தையின் முகம் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் ஒருநாள் குளத்துக் களிமண்ணைக் கொண்டுவரச் செய்து, விரும்பியதைச் செய்யுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். மாடு வந்தது, வண்டி வந்தது, ஒருவன் கைப்பேசி செய்து காதில் வைத்துப் பேசவும் தொடங்கிவிட்டான். மறுநாள் ஒரு தந்தை வந்தார், செங்கல் அறுப்பவர். "மண்ணு பெசையவா சார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்? அத நானே வீட்ல சொல்லித் தருவேனே" என்றார். அவருக்கு மாண்டிசோரி அம்மையாரைப் பற்றி எடுத்துரைக்க வாய் திறந்தோம். 1907இல் உரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகளுக்கு இல்லம் திறந்தவர். 1939இல் சென்னைக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றியவர். கையின் வழியே அறிவு வளரும், வேலையைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும் என்றவர். இத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. அவருடைய கையைப் பார்த்தோம். வெடிப்புகளில் செம்மண் படிந்து, கழுவினாலும் போகாத கை. வாயை மூடிக்கொண்டோம்.

அவர் பயம் பொய்யன்று. அவருடைய மகனுக்கு மண் விளையாட்டு. அவருக்கோ மண் விட்டு எழ முடியாத இடம். நாம் செய்த பிழை, அந்த வேறுபாட்டை அவரிடம் சொல்லாமல் மண்ணை மட்டும் கொடுத்தது. ஆகவே நமக்குத் தோன்றுகிற அளவுகோல் இதுதான்: கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு எழ அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டா? எழுந்தபின் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையிலிருப்பதைக் கேட்டு வாங்க உரிமை உண்டா? இரண்டும் உண்டெனில் அது கல்வி. இல்லையெனில், எத்தனை அழகிய கைவினையானாலும் அது விலங்கு. 1937இல் வார்தாவில் காந்தியார் முன்வைத்த ஆதாரக் கல்வியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் நூற்க வேண்டும் என்றாவது இருந்தது. அதில் நமக்குக் கருத்து வேற்றுமை பல உண்டெனினும், அப்பன் பெயரைக் கேட்டு இராட்டையைக் கொடுப்பதும் எல்லோருக்கும் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதை ஒப்புவோம்.

குடும்பம் என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம் என்கிறது 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். அதே சட்டம், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் குடும்பத்தின் பரம்பரைத் தொழில் என்ற நிபந்தனை வந்தபோது, தமிழ்நாடு அரசு அதை அவ்வடிவில் ஏற்க மறுத்தது. மறுத்தது சரியே. கோட்டையில் மறுத்துவிடலாம், திண்ணையில் மறுப்பது யார்?

அந்தக் கேள்வியோடு மறுநாள் பிள்ளைகள் இருவரையும் மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு குளமங்கலம் சென்றோம். அங்கே அய்யனார் கோயில் முன் முப்பதடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரையைப் பார்க்க வேண்டும் என்பது பொடியனின் நெடுநாள் ஆசை. மாசிமகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலைகளை அடுக்கடுக்காகச் சாத்துவர். பூ விளையும் நாட்டில் குதிரைக்குக் காகிதப்பூ! போகட்டும். வழியில் சங்கிலி இருமுறை கழன்றது, இருமுறையும் சிறுமியே மாட்டினாள், முழங்கைவரை மசி. குதிரையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்த பொடியன், அது யாருடைய குதிரை என்று கேட்கவில்லை. "இத யாரு மாமா செஞ்சா?" என்று கேட்டான். பிறந்தது முதல் இவ்வூர்ப் பக்கம் வாழ்ந்த நமக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை. யாருக்கு வேண்டுதல், யார் மாலை, எவ்வளவு கூட்டம் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். செய்த கையைக் கேட்டதில்லை.

அன்று மாலை அக்காள் திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். பார்த்துக் கட்டுவதில்லை, விரல்கள் தாமே ஓடும். ஆறு வயதில் தொடங்கிய விரல்கள். பத்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. நம்முடையது நிற்கவில்லை, இளங்கலைப் பட்டம்வரை சென்றது. கட்டுகூலி எந்தெந்த மாதம் எந்தெந்தக் கட்டணமாயிற்று என்ற கணக்கு அம்மாவுக்குத் தெரியும், நாம் கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பேச்சுப் போட்டி. தலைப்பு, 'குலக்கல்வியை வீழ்த்திய கதை'. பத்து நாள் அதே திண்ணையில் நடந்து நடந்து உரக்கப் பேசிப் பழகினோம். முதற்பரிசு கிடைத்தது, கேடயம் இன்றும் அலமாரியில் உண்டு. அதை நினைவூட்டி, "அப்போ நீ எங்கேக்கா இருந்தே?" என்று கேட்டோம்.

"இங்கதான்டா இருந்தேன். நீ பேசப் பேச நான் கட்டிக்கிட்டே இருந்தேன். எனக்கும் மனப்பாடம்" என்று சொல்லி, முதல் நான்கு வரிகளை அப்படியே ஒப்பித்தார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. விரலும் நிற்கவில்லை.

நமக்குப் பேச்சு வரவில்லை. "எங்களுக்கும் சொல்லிக் கொடுக்கா" என்று பொடியனோடு தரையில் அமர்ந்தோம். அம்மா முணுமுணுத்தார், ஆனால் நாரைக் கிழித்து நீட்டியவரும் அவரே. இரண்டு மொட்டு மேலே, இரண்டு மொட்டு கீழே, நாரைச் சுற்றி விரலால் ஒரு முடிச்சு. கேட்க எளிது. நம் முடிச்சுகளிலிருந்து பூக்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. தெருவில் வண்டியோட்டிக்கொண்டிருந்த சிறுமி நின்று பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொடியன் எட்டுப் பூக் கட்டினான், சலித்தது, போட்டுவிட்டு வண்டியை நோக்கி ஓடினான். எவரும் அவனைத் திரும்ப அழைக்கவில்லை. சற்று நேரத்தில் நாமும் விரல் வலிக்கிறதென்று எழுந்துகொண்டோம்.

அக்காள் எழவில்லை. காலைக் கடைக்கு இன்னும் அரைக் கூடைப் பூ இருந்தது.