ரத்தம் கசியும் சட்டை

சாயம் வெளுத்துவிட்டது என்றால் தமிழில் குட்டு உடைந்தது என்று பொருள். அதே சாயம் வெளுப்பதை உத்தரவாதம் கொடுத்து விற்றிருக்கிறார்கள் அமெரிக்காவில். பிற்பாடு லீலா ஓட்டல்களை நிறுவிய கிருஷ்ணன் நாயர் 1950களின் இறுதியில் நியூயார்க் வியாபாரி ஒருவருக்கு விற்ற மெட்ராஸ் கைத்தறித் துணி, புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாகத் தொங்கியது. நம்மூர் ஆண்கள் கைலியாகக் கட்டுகிற கட்டம்தான். பச்சைத் தண்ணீரில் தனியாக அலசவேண்டிய அதை மெஷினில் போட்டார்கள். சாயம் இறங்கியது, புகார்கள் வந்தன. அதன்பின் வந்த விளம்பரங்கள் அதை மறைக்கவில்லை. ‘ரத்தம் கசியும், உத்தரவாதம்’ என்றே எழுதின. துணி சாயம் விடுவதை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். குறை அந்தஸ்தாகிவிட்டது.

அதே நாட்டில் 1948 முதல் மோடஸ் நாப்கின் விளம்பரங்கள் வந்தன. புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களின் நீண்ட கவுனில் ஒரு பெண், அருகில் ‘மோடஸ்... ஏனென்றால்’. அவ்வளவுதான். ஏனென்றால் என்ன? சொல்லமாட்டார்கள். சட்டை கசிந்தால் தலைப்பு, பெண் கசிந்தால் மூன்று புள்ளி.

ஒரு கறையைக் கறையல்ல என்று அறிவிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? சட்டை விஷயத்தில் சரக்கு வைத்திருந்தவனுக்கு இருந்தது. வெட்கம் அவனுக்கு நஷ்டம், ஆகவே நீக்கினான். நாப்கின் விற்றவனுக்கு வெட்கமே முதல். நம் டிவியிலும் வெகுகாலம் நாப்கினில் நீலத் தண்ணீரைத்தானே ஊற்றினார்கள்!

இப்போது விளம்பரங்கள் சிவப்பைக் காட்டத் தொடங்கியிருப்பது நல்லதுதானே என்று தோழிகள் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் விளம்பரம் தந்த பெருமையை நான் முழுதாக நம்புவதில்லை. இன்று விற்கும் மெட்ராஸ் சட்டைகள் பெரும்பாலும் சாயம் விடுவதில்லை. விட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சரக்கு மாறினால் பெருமையும் மாறுகிறது.

எங்கள் மோகனூரில் மருந்துக்கடைக்காரர் இன்னும் கேட்காமலே நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார். துணி வைக்கிறவர்களின் நிலை இதைவிட மோசம். சாயம் போகிற புடவையைக் காவிரிப் படித்துறையில் எல்லார் எதிரிலும் அலசலாம், ‘இதைத் தனியா நனை’ என்று சத்தமாகச் சொல்லலாம். தீட்டுத்துணியை மட்டும் விடியுமுன் அலசி, கொடியில் பாவாடைக்கு அடியில் போடவேண்டும். வெயில் பட்டால்தான் அது சுத்தமாகக் காயும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு மாடியில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஈரத்தோடே எடுத்து மடித்து வைக்கிறார்கள்.