துடைத்தலும் அழித்தலும்

பழம்பொருள் ஒன்று நம் கைக்கு வந்து சேரும்போது, அது முற்றிலும் நம்முடையதாகிவிடுகிறதா? விலை கொடுத்து வாங்கினோம். ஆகவே விரும்பியவாறு மாற்றலாம் என்பது சட்டம் தரும் விடை. அறமும் அவ்விடையையே தருமா? சிற்பங்களையும் ஓவியங்களையும் முன்னிட்டு இவ்வினாவை எழுப்புவோர் பலர். நாம் எளியதொரு பொருளை, தச்சரின் கைக்கருவியை, முன்னிறுத்தி எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் நகரில் இயங்கிய ஸ்டான்லி நிறுவனம், 1869-ஆம் ஆண்டில் லெனார்ட் பெய்லி என்பவரின் இழைப்புளிக் காப்புரிமைகளை வாங்கியது. அங்கு வார்க்கப்பட்ட இழைப்புளிகளின் இரும்பு உடலில் நிலக்கீல் கலந்த கறுப்புப் பூச்சைத் தடவிச் சூளையில் சுட்டு இறுகச் செய்தனர்; கைப்பிடியை ரோஸ்வுட் மரத்தில் அமைத்தனர். 1910-களில் செய்யப்பட்ட பலவற்றில், அலகைத் தாங்கும் இரும்புத் துண்டுக்குப் பின்னால் மூன்று காப்புரிமை நாள்கள் வார்க்கப்பட்டிருக்கும். இரண்டு 1902-ஐச் சேர்ந்தவை. மூன்றாவது 1910 ஏப்ரல் 19. வேறு ஏடு எதுவுமின்றி, இவ்வெழுத்துகளும் அலகின் முத்திரையும் பூச்சுமே கருவியின் வயதைச் சொல்லிவிடுகின்றன. ஹென்றி டிஸ்டன் 1840-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய தொழிலகத்தின் கைவாள்களிலோ, தகட்டின் பக்கத்தில் அமிலத்தால் பொறித்த பெயர் காணப்படும்.

இத்தகைய வாளொன்று துருவேறிக் கிடைக்கிறது என்று கொள்வோம். நல்லெண்ணத்தோடுதான் உப்புத்தாளைக் கையில் எடுக்கிறோம். சிறிது நேரத்தில் தகடு வெள்ளியாய் மின்னுகிறது, பொறிப்போ மறைந்துவிடுகிறது. அது மயிரிழை ஆழமே உடையது. ஒருமுறை தேய்ந்தால் மீளாது. இழைப்புளியின் பழம்பூச்சைச் சுரண்டிப் புதுச்சாயம் பூசும்போதும் இதுவே நிகழ்கிறது. அழகு செய்தோம் என்று மகிழும் அதே வேளையில், பேசத் தெரிந்த ஒரு சாட்சியை நாம் ஊமையாக்கிவிட்டோம்.

அவ்வாறாயின் தொடாமல் விட்டுவிடுவதுதான் அறமா? அன்று. துருவும் எழுத்தைத் தின்னும். வாளாவிருப்பதும் ஒருவகை அழிப்பே. அனுபவமுடையோர் வேறு வழி காட்டுவர். மெல்லிய உப்புத்தாளைச் சமதளமான மரக்கட்டையில் சுற்றி, எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் தேய்ப்பர். மேற்பரப்பு வெளுக்கும், பள்ளத்திலுள்ள எழுத்து கருமையாய் நிற்கும். துடைத்தலுக்கும் அழித்தலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. துடைப்பவர் அங்கு என்ன இருக்கிறது என்று தேடுகிறார். அழிப்பவர் தம் விருப்பத்தை அதன்மேல் சுமத்துகிறார்.

இன்னுமொரு சிக்கல் உண்டு. உளிகளின் கைப்பிடியில் ஒட்டப்பட்ட சீட்டு, உள்ளங்கை படும் இடத்திலேயே இருக்கிறது. அது சிதையாமல் எஞ்சியிருக்குமாயின், அந்த உளி பெரும்பாலும் உழைக்காத உளியாகத்தான் இருக்கும். சேகரிப்போர் அதற்கே மிகுந்த விலை தருகின்றனர். சீட்டைக் காப்பதற்காகக் கருவியைப் பேழைக்குள் பூட்டிவைப்பதுதான் மரியாதையா? நாம் அவ்வாறு கருதவில்லை. ஒன்றிரண்டு மாதிரிகள் அருங்காட்சியகத்தில் உறங்கட்டும். மற்றவற்றில், வேலையால் தேய்ந்த சீட்டு இழப்பன்று. தீட்டத் தீட்ட அலகு குறுகுவதும் இழப்பன்று. உழைப்பு எடுத்துக்கொண்டதற்காக வருந்த வேண்டியதில்லை. பகட்டு எடுத்துக்கொண்டதற்காகவே வருந்த வேண்டும்.

இங்கிலாந்தின் பழைய மர இழைப்புளிகள் இதற்கு நல்ல பாடம். அவற்றின் முன்முகத்தில் செய்தவரின் பெயர் முத்திரையாய் இருக்கும். அதனருகே உரிமையாளர் பெயர்கள், சிலவற்றில் இரண்டு மூன்று, அடுத்தடுத்துப் பதிந்திருக்கும். பின்வந்த தச்சர் முன்னவரின் பெயரைச் செதுக்கி எறியாமல், எஞ்சிய இடத்தில் தம் பெயரைப் பதித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

உடைமை என்பதன் பொருளை அவர் அறிந்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். நமக்கு முன்னும் கைகள் இருந்தன. நமக்குப் பின்னும் கைகள் வரும். இடையில் நிற்கும் நாம் துருவை நீக்குவோம், கூர் தீட்டுவோம், உழைப்போம். முன்னவர் பெயரை மட்டும் அது நின்ற இடத்திலேயே நிற்க விடுவோம்.