உள்ளத்தைக் காத்தல்: நீதிமொழிகள் நூலை முன்வைத்து ஒரு நோக்கு

விவிலியத்தின் ஞான நூல்களுள் நீதிமொழிகள் தனித்தன்மை வாய்ந்தது. வானத்துக் காட்சிகளையோ வருங்காலம் உரைக்கும் வாக்குகளையோ அது பெரிதும் பேசுவதில்லை. கள்ளத் தராசு, கோள் சொல்லும் நாவு, பிறர் கடனுக்குப் பிணைநிற்றல், அறுவடைக் காலத்து உறக்கம் என அன்றாட வாழ்வின் சிறு செயல்களே அதன் பொருளாகும். அத்தகைய நூலின் 4ஆம் அதிகாரத்தில், காக்கத்தக்கன யாவற்றிலும் மேலாக உள்ளத்தைக் காக்குமாறு தந்தையொருவன் மகனுக்கு அறிவுறுத்துகின்றான். வாழ்வு அவ்விடத்திலிருந்தே ஊற்றெடுக்கின்றது என்பது அவன் காட்டும் காரணம்.

இவ்வறிவுரையின் பொருளை வரையறுத்துக்கொள்ள மூலமொழிச் சொற்கள் இரண்டை நோக்குதல் தகும். ‘லேவ்’ என்னும் எபிரேயச் சொல் இருதயத்தைக் குறிப்பதாயினும், அது உணர்ச்சியின் உறைவிடம் மட்டுமன்று. சிந்தனையும் தீர்மானமும் பிறக்குமிடமும் அதுவே. ஆழ்ந்த உணர்ச்சிகளை எபிரேயர் பல இடங்களிற் குடல், சிறுநீரகம் ஆகிய உறுப்புக்களோடு தொடர்புபடுத்தினர். எனவே, உள்ளத்தைக் காத்தல் என்பது உணர்ச்சிவசப்படாதிருத்தல் என்ற அளவில் அடங்கிவிடாது. நாம் எதனை எண்ணுகின்றோம், எதனைத் தெரிந்தெடுக்கின்றோம் என்பதில் விழிப்பாயிருத்தலையே அது சுட்டுகின்றது. அப்பகுதியில் உறுப்புக்கள் அமைந்துள்ள வரிசையும் இதனை உணர்த்தும். செவியும் கண்ணும் முதலில் வருகின்றன. நடுவே உள்ளம் நிற்கின்றது. அதன்பின் வாயும் உதடும், பார்வையும், இறுதியிற் பாதமும் கூறப்படுகின்றன. கேட்டதும் கண்டதும் உள்ளத்துட் புகுந்து, சொல்லாகவும் நடையாகவும் வெளிப்படுகின்றன எனலாம்.

அன்றாட வாழ்வில் இதற்குச் சான்றுகள் பல. சிற்றுண்டிச்சாலையில் ஒருவரைப் பற்றிய அவதூறு நம் காதில் விழுகின்றது. அதனைக் கேட்டது நம் குற்றமன்று. எனினும் அதனை மெய்யென்று ஏற்று இடமளிக்கும் கணத்திலேயே, மறுநாள் அவரைக் காணும்போது நாம் முகந்திருப்பப்போவது முடிவாகிவிடுகின்றது. நண்பனின் பரீட்சைப் பெறுபேறு நம்முடையதிலும் மேம்பட்டது என அறியும்போது எழும் சிறு கசப்பும் இத்தகையதே. பொறாமையை எலும்புருக்கும் நோயாக இந்நூல் காண்கின்றது. பிறர் அறியாத நோயாதலின் அதற்குக் காவலன் நாமேயன்றி வேறொருவர் இலர்.

ஆயினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. காத்தல் என்பது அடைத்தல் ஆகாதா? இவ்வசனத்திற் காவலைக் குறிக்கும் ‘மிஷ்மார்’ என்னும் சொல், ஆதியாகமத்தில் யோசேப்பு தன் சகோதரரை மூன்று நாள் அடைத்துவைத்த காவலையும் குறிக்கின்றது. தமிழிலும் ‘காவல்’ என்பது பாதுகாப்பையும் சிறையையும் ஒருங்கே உணர்த்தும். துயரச் செய்திகள் நாள்தோறும் வந்து மோதும்போது, மனநிம்மதி கருதிச் செவியை மூடிக்கொள்வோர் உளர். அவர்கள் தம் உள்ளத்தைக் காப்பதாகவே நம்புகின்றனர். ஆனால், யாத்திராகமத்திற் பார்வோனின் உள்ளமும் எவ்வித முறையீடும் நுழையாதவாறு அடைபட்டே இருந்தது. அதனை அந்நூல் காக்கப்பட்ட உள்ளம் என்னாது, கடினப்பட்ட உள்ளம் என்றே கூறும். புறத்தே நின்று நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும்.

இவற்றை வேறுபடுத்தும் அளவுகோலை நீதிமொழிகளே தருகின்றது. ஏழையின் கூக்குரலுக்குச் செவியை அடைப்பவன், தான் கூப்பிடும் நாளில் மறுமொழி பெறான் என்று 21ஆம் அதிகாரம் எச்சரிக்கின்றது. பேச இயலாதவர்க்காக வாய்திறக்குமாறு 31ஆம் அதிகாரம் பணிக்கின்றது. ஆகவே, இந்நூல் கருதும் காவலன் வாயிலை மூடிவிட்டு உறங்குபவனல்லன். வாயிலில் விழித்துநின்று, வருவது இன்னதென ஆராய்பவன். வன்மத்தைத் தடுப்பதும் அழுகுரலை உள்ளே விடுவதும் ஒரே காவலின் இரு கடமைகளாகும்.

அவ்வாறாயின், காவலனே தவறிழைத்தால் என் செய்வது? உள்ளம் அனைத்திலும் வஞ்சகமானது என்பது எரேமியாவின் முறைப்பாடு. இதற்குச் சாலொமோனே சான்று. அரசேற்ற காலத்தில் அவன் செல்வத்தையும் நீடிய ஆயுளையும் வேண்டாது, கேட்டறியும் உள்ளத்தையே வேண்டினான். முதுமையில் அவ்வுள்ளமே வழிவிலகியது என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் மறைக்காது கூறுகின்றது. நீதிமொழிகள் எவன் பெயரால் வழங்குகின்றதோ, அவனாலேயே அவ்வறிவுரையை இறுதிவரை காத்துக்கொள்ள இயலவில்லை. ஞானத்தை அறிந்திருத்தலும் அதில் நிலைத்திருத்தலும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் துலக்கமான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதனாற் போலும், தன் உள்ளத்தையே நம்பியிருப்பவனை மூடன் என இந்நூல் பிறிதோரிடத்திற் சாடுகின்றது. நண்பன் கடிந்துரைப்பதால் ஏற்படும் காயத்தை நன்மையெனப் போற்றுகின்றது. உள்ளத்தைக் காப்போன் தன் காவலையும் பிறர் சோதிக்க இடமளித்தல் வேண்டும். கண்டிக்க உரிமையுள்ள ஒரு நண்பனையேனும் இழக்காதிருப்பதும், நமக்கு இனிமை தராத குரலுக்கும் செவிகொடுப்பதும் அக்காவலின் பகுதிகளே. எவரும் தன்னைத் திருத்த இடமளியாத உள்ளம், எத்துணை அமைதியாகத் தோன்றினும், காவலிலுள்ள உள்ளமன்று, சிறைப்பட்ட உள்ளமே.