நினைவில் நில்லாப் பயணம்

ஒருவன் துய்த்த இன்பம் அவன் நினைவில் நில்லாது போகுமாயின், அதனை அவன் பெற்ற பேறு எனல் பொருந்துமா என்னும் வினா மெய்யியலாருக்குப் புதியதன்று. அதே வினா இன்று வேறு சொற்களில் குடும்பங்களிடையேயும் எழுகின்றது.

கலகெதர, கண்டியிலிருந்து குருநாகல் செல்லும் வீதியில் அமைந்த சிற்றூர். அதன் அயலிலுள்ள மடிகே என்னும் ஊர்ப்பெயர், கண்டியரசின் பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவை நினைவூட்டுவது. பயணமே தொழிலாயிருந்தோர் வாழ்ந்த பகுதி அது. இத்தகைய ஓரூரிலிருந்து, ஆண்டிறுதி விடுமுறையில், ஒன்றரை வயதுக் குழந்தையுடன் இலண்டன் செல்ல எண்ணும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ தாயின் தமையன் வாழ்கின்றார். முதிய பெற்றோரும் அவருடனேயே இருக்கின்றனர். குளிர்காலத்தை இவர்கள் விரும்பித் தேர்ந்ததில்லை. விடுமுறை அப்போதுதான் வாய்க்கின்றது. “பிள்ளைக்கு ஒன்றும் நினைவிராதே, ஏன் இந்த வீண்செலவு?” என்பர் அயலார். “பிள்ளையும் நாலிடம் பார்க்கட்டுமே” என்பர் பெற்றோர்.

அயலார் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. மூன்று வயதுக்கு முன் நிகழ்ந்தவற்றை வளர்ந்தோர் பெரும்பாலும் மீட்டுரைக்க இயலாமையை உளவியலார் நன்கறிவர். சிக்மண்ட் பிராய்ட் 1905 இல் வெளியிட்ட நூலொன்றில் இம்மறதியை விரிவாக ஆராய்ந்தார். குழந்தைக்கு நினைவாற்றலே இல்லையென்பது இதன் பொருளன்று. நேற்றுக் கண்ட நாயை அது இன்று தேடும். சில மாதங்கள் வரையிலும் சிலவற்றை நினைவிற் கொண்டிருக்கும். ஆனால் அந்நினைவுகள் வளர்ந்த பருவத்தை எட்டுவதில்லை. ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக், 1694 இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பிலே, ஓர் ஆள் அதே ஆளாக நீடித்தல் நினைவுணர்வின் எல்லையளவினது என வாதிட்டார். அவ்வாறாயின் இலண்டன் சென்ற குழந்தையும் பின்னாளில் வளர்ந்து நிற்பவனும் ஓராள் அல்லர் என்றாகிவிடும்!

இவ்விடர்ப்பாட்டுக்குக் கண்டி மண்ணில் நன்கறியப்பட்ட நூலொன்றே விடை தருகின்றது. பாளி மொழியிலமைந்த மிலிந்த பஞ்ஹ, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆட்சியில் ஹீனட்டிக்கும்புரே சுமங்கல தேரரால் சிங்களமாக்கப்பட்டது. அதில் நாகசேனர், மல்லாந்து கிடந்த மழலையும் இன்றைய மன்னனும் ஒருவரா வேறானவரா என வினவுகின்றார். வேறானவர் என்கிறான் மன்னன். அங்ஙனமாயின் எவர்க்கும் தாயுமில்லை, தந்தையுமில்லை, ஆசானுமில்லை என்றாகுமே என மடக்குகின்றார் தேரர். இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர்போல, அதுவேயுமன்று, பிறிதுமன்று என்பது அவர் காட்டும் வழி. நினைவு அறுந்தாலும் தொடர்ச்சி அறுவதில்லை என்பது இங்குக் கொள்ளத்தக்கது.

தமிழ் மரபு இதனை வேறொரு முனையில் அணுகிற்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கியவகை குழந்தையின் மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரையுள்ள பருவங்களைப் பாடுவது. பின்னாளில் குழந்தை தானே நினைந்துரைக்க இயலாத காலப்பகுதி அது என்பது கவனிக்கத்தக்கது. பாடப்படுவோர் கேட்டு மகிழ வேண்டும் என்பது அங்கு நிபந்தனையன்று. மகிழ்ச்சி பாடுவோருடையது, காண்போருடையது. இம்மரபு நேர்மையானது. ஆதலின், “பிள்ளை பார்க்கட்டும்” என்று கூறும் பெற்றோர், “பிள்ளையோடு நாங்கள் பார்க்க விரும்புகின்றோம்” என ஒப்புக்கொள்வதில் இழுக்கேதுமில்லை. அவ்விருப்பம் தாழ்ந்ததுமன்று.

ஆனால் அதனை மறைத்துக் குழந்தையின் நன்மையாகக் காட்டும்போது இடர் தொடங்குகின்றது. கட்டுநாயக்கவிலிருந்து இலண்டனுக்கு இடையில் தரிக்காத வானூர்தியில் ஏறத்தாழப் பதினொரு மணித்தியாலங்கள். நேர வேறுபாடு ஐந்தரை மணித்தியாலம். கலகெதரவில் காலை ஆறுக்கு விழிக்கும் குழந்தை இலண்டனில் நள்ளிரவு கடந்து அரைமணியில் விழித்தெழும். திசம்பரில் அங்கு மாலை நான்குக்கு முன்பே ஞாயிறு மறைந்துவிடும். கையுறையைக் கழற்றி எறியும் குழந்தையைத் தள்ளுவண்டியோடு தூக்கிக்கொண்டு, மின்தூக்கி இல்லாத நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களின் படிகளில் ஏறியிறங்க வேண்டும். இயற்கை வரலாற்று நூதனசாலையின் பெருமண்டபத்தில் 2017 முதல் தொங்கும் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் காட்டினால், குழந்தை அருகில் நிற்பவரின் சப்பாத்து நாடாவைப் பார்த்திருக்கும். (அதன் தேர்வு தவறென்று யாரால் சொல்ல முடியும்?) இந்நிலையில் சோர்ந்து அழுதால், “பரவாயில்லை, இதெல்லாம் நினைவிராது” என்ற ஆறுதல் பிறக்கின்றது. அயலார் பயணத்தை மறுக்கக் கூறிய அதே காரணம், அழுகையைப் பொருட்படுத்தாமைக்கும் காரணமாகிவிடுகின்றது.

இங்குதான் கருத்து ஊன்ற வேண்டும். வளர்ந்தவர் பயணத்தில் நனைந்தாலும் பசித்தாலும், பின்னாளில் அதனைச் சுவையான கதையாக்கி ஈடுசெய்துகொள்கின்றார். குழந்தைக்கு அவ்வீடு இல்லை. அதன் துன்பத்திற்குப் பிற்காலப் பயன் எதுவுமில்லையாதலால், அந்தக் கணத்தில் அது முழுத் துன்பமாகவே நிற்கின்றது. அதன் மகிழ்ச்சியும் அவ்வாறே அப்போதே நிறைவெய்துவது, எதற்கும் முதலீடன்று. நினைவிராது என்பது கவனத்தைக் குறைத்துக்கொள்ள அனுமதியன்று, கூட்டிக்கொள்ளவே காரணம். நாளொன்றுக்கு ஓரிடம், உச்சிவேளை உறக்கம், ஊர் வழக்கச் சோறு என்று திட்டத்தைச் சுருக்குவது பெற்றோர் செய்யும் தியாகமாகாது. அது குழந்தைக்குச் செலுத்தவேண்டிய கடன். பதினைந்து இடங்களில் எடுத்த நிழற்படங்களைப் பின்னாளில் காட்டி, “நீயும் அங்கிருந்தாய்” எனச் சொல்வது வேறு செய்தி. படத்தையும் பெற்றோர் வாய்மொழியையும் சேர்த்துப் பிள்ளை ஒரு நினைவைக் கட்டிக்கொள்ளலாம். அது இரவல் நினைவே.

மூன்று நான்கு ஆண்டுகள் பொறுத்துச் செல்லலாமே என்பார் உளர். சுற்றுலா மட்டுமே நோக்கமாயின் அது தக்க அறிவுரை. ஆனால் அந்த வீட்டில் எண்பதைக் கடந்த பாட்டி இருக்கின்றார். அச்சந்திப்பு இருவருள் ஒருவர் நினைவில் மட்டுமே தங்கும். அவரும் நெடுங்காலம் அதனைச் சுமக்கப் போவதில்லை. நினைவை அளவுகோலாகக் கொண்டால் இதைவிடப் பயனற்ற சந்திப்பு வேறிராது. எனினும், பேரப்பிள்ளை நள்ளிரவில் விழித்தெழும் வேளையில் அவ்வீட்டில் உறக்கமின்றி இருப்பவர் அவர் ஒருவரே. சோர்ந்துறங்கும் பெற்றோரை எழுப்பாது, கம்பளிக்குள் குழந்தையைப் பொதிந்து மடியிலிருத்தி, விடியும் வரை அதனோடு பேசிக்கொண்டிருக்க அவரால் முடியும்.