காக்க வருவது யார்?

"யாரோ ஒருவர் வருவார், வந்து நம்மைக் காப்பார்" என்ற எண்ணம் மனித மனத்திலே குடியேறி எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆயினவோ, கணக்கிட்டுக் கூறுவார் இல்லை. கொடுமை பெருகினால் கடவுள் அவதாரம் எடுப்பார் என்றனர். வெள்ளைக் குதிரை மீதேறி, வாளேந்தி வருவார் என்றனர். மக்கள் காத்திருந்தனர். விதைத்தனர், அறுத்தனர், அடித்தனர், அளந்தனர். நெல் வேறொருவர் களஞ்சியத்திற்குச் சென்றது, காத்திருந்தவர் வீட்டிலே அடுப்பு எரியவில்லை. வருவார் என்று சொல்லப்பட்டவர் வரவில்லை; வந்தவர்களெல்லாம் வரி கேட்டு வந்தவர்களும் வட்டி கேட்டு வந்தவர்களுமே!

அந்தக் காத்திருப்பு ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை, உடை மாற்றிக்கொண்டிருக்கிறது என்கிறோம் நாம். பீதாம்பரத்தைக் களைந்துவிட்டு, உடலோடு ஒட்டிய வண்ண உடையை அணிந்திருக்கிறது. சங்கு சக்கரத்துக்குப் பதில் கேடயமும் சம்மட்டியும்! புராணத்தைப் புறந்தள்ளிய இளைஞனின் மேசைமீதே அது கெட்டி அட்டையும் வழவழத்த தாளுமாக வந்து அமர்ந்திருக்கிறது. சூப்பர் ஹீரோக் குழுக்களின் பழைய படக்கதைகளைத் திரட்டி வெளியிடும் பெருந்தொகுப்புகளைத்தான் குறிப்பிடுகிறோம்.

அம்பத்தூரையும் ஆவடியையும் பூந்தமல்லியையும் எண்ணிப் பாருங்கள். ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். 1961இல் ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. போர் டாங்கிகள் உருவாயின. 1960களிலேயே அம்பத்தூரில் தொழிற்பேட்டை பிறந்தது. லேத் பட்டறைகளின் ஓசை ஊரின் ஓசையாயிற்று. அந்தப் பட்டறைகளிலே இரும்பைக் கடைந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஆங்கிலம் கற்று, ஊதியம் பெற்று, இத்தொகுதிகளை வாங்கிப் படிக்கின்றனர். "காமிக்ஸா? சிறுபிள்ளைத்தனம்!" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. நாம் அவ்வாறு சுளிக்க மாட்டோம். மக்கள் விரும்பிப் படிப்பது எதுவாயினும் அதிலே மக்களின் மனம் பதிந்திருக்கிறது. அதை ஒதுக்குவது அறிவுடைமையாகாது, ஆராய்வதே அறிவுடைமை.

அமெரிக்காவிலே 1940இல் 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்ற முதற்குழு தோன்றிற்று. 1960இல் 'ஜஸ்டிஸ் லீக்', 1961இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்', 1963இல் 'அவெஞ்சர்ஸ்', அதே ஆண்டில் 'எக்ஸ்-மென்' என்று குழுக்கள் பெருகின. அவெஞ்சர்ஸ் குழுவிலே ஒருவர் தோர். வட ஐரோப்பியர் ஒரு காலத்தில் வணங்கிய இடித்தேவன். கோயிலை இழந்த தேவனுக்குப் படக்கதையிலே வேலை கிடைத்தது! தமிழ்நாட்டிலோ, 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கி, ஸ்பைடரை நம் சிறுவர்களின் தோழனாக்கிற்று. அந்நாளில் இவை திங்கள்தோறும் வரும், கைமாறும், கிழியும், பழைய தாள் கடைத் தராசிலே முடியும். 1987இல் மார்வெல் நிறுவனமும், 1989இல் டிசி நிறுவனமும் பழைய இதழ்களை வரிசையாகத் திரட்டி, கெட்டி அட்டைத் தொகுதிகளாக்கத் தொடங்கின.

திரட்டிப் படிப்பதிலே ஒரு நன்மை இருக்கிறது. மாதம் ஒன்றாகப் படித்தபோது மறைந்திருந்த உண்மையொன்று, அறுநூறு பக்கங்களை ஒருசேரப் படிக்கும்போது வெளிப்பட்டுவிடுகிறது.

முதல் கதையிலே நகருக்கு ஆபத்து. வீரர் வருகின்றனர், நகரம் பிழைக்கிறது. அடுத்த கதையிலே மீண்டும் ஆபத்து, மீண்டும் வீரர், மீண்டும் விடுதலை. 1966இல் வந்த கதையிலே, உலகங்களையே உணவாக உண்ணும் காலக்டஸ் என்ற பேருருவம் நியூயார்க் நகருக்கு வந்து நிற்கிறது. தெருவெல்லாம் மக்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், அலறுகிறார்கள், ஓடுகிறார்கள். நால்வர் போராடி உலகைக் காக்கின்றனர். வியப்புக்குரிய கதைதான்; ஜாக் கர்பியின் ஓவியத் திறத்துக்கு நாமும் தலைவணங்குகிறோம். ஆனால் ஐம்பது கதைகளுக்குப் பிறகும் அந்த மக்கள் அதே தெருவிலே, அதே வாடகை வீட்டிலே, அதே அண்ணாந்த பார்வையோடு நிற்கின்றனரே, ஏன்? மலையைப் பெயர்த்தெறியும் தோள்கள் ஒரு சேரியின் கூரையை மாற்றவில்லையே, ஏன்? விண்மீன்களுக்கு அப்பால் சென்று திரும்பும் வீரர், நகரின் இருண்ட பகுதிக்குள் எட்டிப் பார்க்கவில்லையே, ஏன்?

"கதை அடுத்த மாதமும் விற்பனையாக வேண்டும், உலகம் மாறிவிட்டால் கதை முடிந்துவிடும்" என்று விடை கூறுவர். சரியான விடை. அதைத்தான் நாமும் கூறுகிறோம்! காப்பது என்றால், இருப்பதை இருந்தபடியே காப்பது என்று இக்கதைகள் பொருள் கொண்டுள்ளன. இருப்பது நீதியாயின் நன்று. இருப்பதே அநீதியாயின், அதைக் காப்பவனை என்ன பெயரிட்டு அழைப்பது?

இந்தக் கேள்வியை அக்கதைகளுக்குள்ளேயே ஒருவர் எழுப்பினார் என்பதை நம் தோழர்கள் அறிய வேண்டும். 1970இல் டென்னிஸ் ஓ'நீல் எழுத, நீல் ஆடம்ஸ் வரைந்த கதை. ஜஸ்டிஸ் லீக்கைச் சேர்ந்த கிரீன் லாந்தர், நன்றாக உடுத்த ஒருவரைத் தெருவிலே இளைஞர் தாக்குவதைக் கண்டு, பாய்ந்து சென்று காப்பாற்றுகிறான். பாராட்டு வரும் என்று எதிர்பார்க்கிறான், வசைதான் வருகிறது. காப்பாற்றப்பட்டவன் அக்குடியிருப்பின் உரிமையாளன். இடிந்து விழும் அறைகளிலே ஏழைகளை அடைத்து வைத்து, இப்போது அவர்களை வெளியேற்றத் துடிப்பவன். அங்கே ஒரு கறுப்பின முதியவர் வருகிறார். வேறு வேறு கோள்களிலே நீலத் தோலருக்கும் ஆரஞ்சுத் தோலருக்கும் ஊதாத் தோலருக்கும் உதவினாய் என்கிறார்களே, இந்த மண்ணிலே கறுப்புத் தோலருக்கு என்ன செய்தாய் என்று கேட்கிறார். பேராற்றல் படைத்த வீரன் தலைகுனிகிறான், விடை இல்லை. ஆயிரம் பக்கச் சண்டைகளை அடுக்கினாலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகுமா?

ஏட்டிலிருந்து ஏட்டை எழுதியவர்களிடம் வருவோம். சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞர்கள். 1938இல் அவ்வுரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தனர். படைப்பு கோடிகளை ஈட்டிற்று. படைத்தவர் வறுமையில் வாடினர். சீகல் பிழைப்புக்காக 1960களில் இங்கிலாந்து இதழுக்கு ஸ்பைடர் கதைகளை எழுதினார். நம் ஊர்ச் சிறுவர் விழுந்து விழுந்து படித்த அதே ஸ்பைடர்! வானத்தில் பறந்த சூப்பர்மேன் தன்னைப் பெற்றவரைக் காக்க வரவில்லை. வந்தவர் யார்? நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலிய சக ஓவியர்கள். பேசினர், எழுதினர், ஊரறியச் செய்தனர். 1975இல் நிறுவனம் இறங்கி வந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் வீதம் உதவித்தொகையும், கதைகளிலே அவர்கள் பெயரும் கிடைத்தன. சூப்பர் ஹீரோவால் ஆகாததைத் தொழிலாளர் ஒற்றுமை ஆக்கிக் காட்டிற்று.

இனி எக்ஸ்-மென். மற்றக் குழுக்களை உலகம் போற்றுகிறது, இவர்களையோ வெறுக்கிறது. காரணம் அவர்கள் செய்தது அன்று, அவர்கள் பிறந்தது! பிறவியிலேயே வேறுபட்டவர்கள் என்பதற்காக அஞ்சுகிறார்கள், அருவருக்கிறார்கள், துரத்துகிறார்கள். 1975இல் புதிய குழு அமைந்தபோது, நீலத் தோலும் வாலும் உடைய நைட்கிராலரை ஒரு ஜெர்மானிய ஊரே தீவட்டியோடு விரட்டி வருகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும் தமிழ் இளைஞனுக்கு விளக்கவுரை தேவையா? பிறப்பைக் காட்டித் தெருவிலே நடக்காதே என்றதையும், குளத்திலே இறங்காதே என்றதையும் அறிந்த நாட்டவரல்லவா நாம்!

அக்கதைகளிலே இரு தலைவர்கள். ஒருவர் பேராசிரியர் சேவியர்: வெறுக்கும் உலகையும் காப்போம், ஒருநாள் அவர்கள் மனம் மாறுவர் என்கிறார். மற்றவர் மாக்னீட்டோ: நாசிகளின் ஆஷ்விட்ஸ் முகாமிலே குடும்பத்தைப் பறிகொடுத்தவர், நாமே உயர்பிறவிகள், நாமே ஆள்வோம் என்கிறார். எது சரி?

மாக்னீட்டோவின் கண்ணீரை மதிக்கிறோம், முடிவை மறுக்கிறோம். பிறப்பால் தாழ்ந்தவன் என்றவனுக்கு விடையாக, பிறப்பால் உயர்ந்தவன் நான் என்பது பழைய வருணக் கோட்டையைத் தலைகீழாகக் கட்டுவதாகும். கோட்டை தலைகீழானாலும் கோட்டைதான். சேவியரின் அன்பை மதிக்கிறோம். ஆனால் அங்கேயும் ஒரு படுகுழி உண்டு. வெறுப்பவனுக்கும் உழைத்துக் கொடுப்பது பெருந்தன்மைதான். அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டுகிறவன் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் வெறுப்பவனே! அடிபடுகிறவனின் பொறுமை அடிக்கிறவனுக்கு எவ்வளவு வசதி!

1982இல் வெளிவந்த 'காட் லவ்ஸ், மேன் கில்ஸ்' என்ற கதை இதற்கு விடை தேடிற்று. ஸ்ட்ரைக்கர் என்ற மதபோதகர் வேதநூலைக் கையிலே ஏந்தி, வேறுபட்டுப் பிறந்தோரை அழிப்பதே இறைபணி என்று முழங்குகிறார். இறுதியிலே பெருங்கூட்டத்தின் நடுவே ஒரு சிறுமியை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறார். அவரைச் சுட்டு வீழ்த்துவது எக்ஸ்-மென் வீரர் ஒருவரன்று. அங்கே காவலுக்கு நின்ற ஒரு சாதாரணக் காவலர்! சுடுவது தீர்வு என்று நாம் கூறவில்லை. அண்ணாந்து பார்த்து நின்ற கூட்டத்திலிருந்து ஒருவர், இது தம் கடமை என்று உணர்ந்தார் அல்லவா? அந்த உணர்ச்சியே தீர்வின் தொடக்கம் என்கிறோம்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். பூந்தமல்லிக்கு அருகேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரை புரண்டது. அம்பத்தூரிலும் பட்டறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மாடியிலே நின்றவர் அன்றும் வானத்தைத்தான் பார்த்தனர். ஆனால் தெருவழியே வந்தன படகுகள். கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர் தம் படகுகளை லாரியிலேற்றிக் கொண்டுவந்தனர். இளைஞர் சோறாக்கினர்; பெயர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் மலைமலையாய்க் குப்பை. அதை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர்.

அவர்களில் மிகப் பலர் யார்? பிறப்பைக் காட்டி இச்சமுதாயம் ஊர்க்கோடியிலே ஒதுக்கி வைத்தவர்கள். தம்மை ஒதுக்கிய நகரைத் தாமே காத்து நின்றவர்கள். கதையிலே வரும் எக்ஸ்-மென்னைக் கண்டு உருகும் நண்பர், தம் தெருவிலே நடமாடும் இந்த உண்மை மனிதரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததுண்டா?

2020இல் பெருந்தொற்று வந்தது. முன்களப் பணியாளர் என்றோம், வீரர் என்றோம், கை தட்டினோம். கையுறை கொடுத்தோமா? நிலையான ஊதியம் கொடுத்தோமா? மலக்குழியிலே மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதன் பின்னரும் நச்சுக்காற்றுக்கு உயிர்கள் பலியாகும் செய்தி சென்னையின் புறநகர்களிலிருந்தும் வருகிறதே, அதைத் தடுத்தோமா? வீரர் என்று பட்டம் சூட்டுவது செலவில்லாத வேலை. உரிமை கொடுக்க மனமில்லாதவன் பட்டம் கொடுத்து ஏமாற்றுகிறான். கடவுளாக்கிக் கும்பிடுவதும், வீரனாக்கிக் கை தட்டுவதும், மனிதனாக மதிக்காமல் தப்பித்துக்கொள்ளும் இரு வழிகள்!

அப்படியானால் இத்தொகுதிகளைக் கொளுத்திவிடலாமா? கூடாது. படியுங்கள், ரசியுங்கள். தனியொருவனால் முடியாததைப் பலர் கூடிச் செய்யலாம், ஒருவன் குறையை மற்றவன் திறமை நிறைக்கும் என்று குழுக்கதை கூறுகிறதே, அது நல்ல பாடம். அந்தப் பாடத்தை வண்ண உடையோடு விட்டுவிடாமல், நம் உடைக்கும் பொருத்திப் பாருங்கள். பக்கத்தைப் புரட்டும்போது மூன்று கேள்விகளை மறவாதீர்கள். காப்பவன் எதைக் காக்கிறான்? காக்கப்பட்டவன் மறுநாள் எப்படி வாழ்கிறான்? கூட்டத்திலே நின்றவன் என்ன செய்தான்?

மூன்றாவது கேள்வி நம்மைப் பற்றியது. கதையிலே கூட்டத்துக்கு முகமில்லை, பெயரில்லை; ஓவியர் புள்ளி வைத்துவிட்டுப் போகிறார். வாழ்க்கையிலே அந்தப் புள்ளிகள்தாம் தொழிற்சங்கம் அமைக்கின்றன, நூலகம் நடத்துகின்றன, வெள்ளத்திலே படகு தள்ளுகின்றன, சாதியை மறுத்து மணம் புரிகின்றன. அம்பத்தூர்ப் பட்டறையிலும் ஆவடி ஆலை வாயிலிலும் பூந்தமல்லிப் பேருந்து நிலையத்திலும் நிற்கின்ற அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் கோடாகும். கோடுகள் சேர்ந்தால் புதிய உலகின் வரைபடமாகும்.

வானத்தைப் பார்த்துக் கழுத்து வலித்தது போதும், தோழர்களே! பக்கத்திலே நிற்பவரைப் பாருங்கள்.