அளக்காதவர் சொல்லும் ‘இல்லை’க்குத் தலையாட்டாதே!

தம்பி, உன் அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஐதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு வாசலில் நிற்கிறது. முன்சக்கரத்தில் ஊளைச் சத்தம். வலப்பக்கம் திருப்பினால் கூடுகிறது, இடப்பக்கம் திருப்பினால் குறைகிறது. இடது முன்சக்கர பேரிங் போய்விட்டது என்று வண்டியே சொல்கிறது. உதிரிபாகக் கடையில் வண்டியின் பெயரைச் சொன்னதும், கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “தொரகது சார்” என்றார், கிடைக்காதாம். அடுத்த கடையில் “நை மில்தா”, அதே பதில்தான். மெக்கானிக்கோ, “எடைக்குப் போட்டுடுங்க சார்” என்றே சொல்லிவிட்டார். நீயும் திரும்பி வந்துவிட்டாய்.

ஏன் திரும்பினாய்? அந்தக் கடைக்காரர் உன் பேரிங்கைக் கையில் வாங்கினாரா? துடைத்து எண்ணைப் படித்தாரா? வெர்னியர் வைத்து அளந்தாரா? எதுவும் இல்லை. வண்டியின் பெயரைக் கேட்டார், தன் பட்டியலில் இல்லை என்றார், அவ்வளவுதான். அளந்து பார்க்காத மனிதர் சொன்னதைத் தீர்ப்பு என்று ஏற்றுக்கொண்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை!

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதைச் செய்தது. உருவம் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது. எழுபதுகளில் கெஸல் என்று பெயர் மாறி வந்தது, அதுவும் நின்றது, கடைசியில் ஆலையும் பூட்டப்பட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் உன் சக்கரத்துக்குள் சுழலும் பேரிங்கை அந்த ஆலை செய்யவில்லை! பேரிங் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் வாங்கி மாட்டினார்கள். கார் நின்றுபோனால் பேரிங் ஏன் நின்றுபோக வேண்டும்? அதற்குத் தனி எண் உண்டு, தனி அளவு உண்டு.

அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள். ஹெரால்டின் முன்சக்கர ஹப்பில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் இருக்கின்றன. இந்த வகைக்கு 1898ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஹென்றி டிம்கன், குதிரை வண்டி செய்தவர். வண்டியின் எடை கீழே அழுத்தும், வளைவில் திரும்பினால் பக்கவாட்டிலும் தள்ளும். கூம்பாகச் சாய்ந்த உருளைகள் இரண்டையும் தாங்கும். ஒவ்வொரு பேரிங்கும் கப், கோன் என்று இரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எண். உதாரணத்துக்குச் சொல்கிறேன், கோனில் எல்எம் 11949, கப்பில் எல்எம் 11910 என்று இருந்தால் உள்விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். அதே எண் சரக்கிழுக்கும் டிரெயிலரிலும் ஓடுகிறது. சாதாரண பால் பேரிங் என்றால் இன்னும் எளிது. 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு, உள்விட்டம் 25 மில்லிமீட்டர் வந்துவிடும். வெளிவிட்டம் 52, அகலம் 15. ஜெய்ப்பூரில் செய்தாலும் சுவீடனில் செய்தாலும் இதில் மாற்றம் கிடையாது. இவை உன் வண்டியின் எண்கள் என்று நினைத்துவிடாதே. உன் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, அதில் இருப்பதைப் படி. எண் தேய்ந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்.

இப்போது கிளம்பு, செகந்திராபாத் ராணிகஞ்ச் போ. கார் சாமான் கடைக்குப் போகாதே, பேரிங் கடைக்குப் போ. ஹெரால்டு என்று வாயே திறக்காதே. எண்ணைச் சொல், அளவைச் சொல். ‘இல்லை’ என்று சொல்லிப் பழகிய கை, தானாகவே அலமாரிப் பக்கம் போகும். அங்கே இல்லையா? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஆள் வைத்துத் தேடு. அங்கும் இல்லையா? ஹெரால்டின் அடித்தளத்தின் மேல் எழுந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தில் 1980 வரை தயாரானது. அந்தக் குடும்பத்து வண்டிகளுக்கான முன்சக்கர பேரிங் செட்டுகள் அங்கே இன்றும் விற்பனையில் இருக்கின்றன. உலகம் பெரியது தம்பி, இரண்டு கடையோடு அது முடிந்துவிடாது!

நீ குடியிருக்கும் நகருக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார். அய்யகாரி சாம்பசிவ ராவ். டிராம்பே அணுசக்தி மையத்தில் மின்னணுப் பிரிவை வளர்த்தவர். 1956ல் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியபோது அதன் கட்டுப்பாட்டுக் கருவிகள் நம்மவர் கையால் செய்யப்பட்டவை. 1967ல் இதே மண்ணில் ஈசிஐஎல் மின்னணு நிறுவனத்தைத் தொடங்கி நடத்தினார். 1969ல் டிடிசி-12 கணினி வந்தது. கணினியா, இறக்குமதி செய்தால்தான் உண்டு என்று எல்லோரும் நம்பிக்கிடந்த காலம் அது! அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் வீடு கட்டிக் குடியேறிய தெருவில் இருந்துகொண்டு, கேவலம் ஒரு பேரிங்குக்காக நீ தலைகுனிவதா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உன் வீட்டுக்கு அருகிலேயே, மௌலா அலியில், பேரிங் ஆலையே இருந்தது. இந்தோ நிப்பான் பிரிசிஷன் பேரிங்ஸ் என்று தொடங்கி, எச்எம்டி பேரிங்ஸ் ஆன ஆலை. 2016ல் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆலையை மூடலாம். மைக்ரான் கணக்கில் இரும்பைத் தேய்த்துப் பழகிய விரல்களை எந்த அரசாணை மூடும்? கம்பெனி போனதும் தானும் போய்விட்டதாக நினைத்து நாற்பத்தைந்து வயதில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடமும் இதைத்தான் கத்திச் சொல்வேன்: உங்களைப் பழைய கம்பெனியின் பெயரால் எடைபோட விடாதீர்கள்! உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்பதே உங்கள் அளவு. அதைச் சொல்லிக் கதவைத் தட்டுங்கள். சர்லபள்ளியிலும் நாச்சாரத்திலும் லேத்துப் பட்டறைகளுக்குக் கைத்திறன் தெரிந்த ஆள் எப்போதும் வேண்டும்.

சரி, உன் பேரிங்குக்கு வருவோம். கிடைத்துவிட்டது என்றதும் மயங்கிவிடாதே. பேரிங் சந்தையில் டூப்ளிகேட் மலிந்து கிடக்கிறது. பெரிய கம்பெனிப் பெட்டி, உள்ளே யாரோ செய்த சரக்கு. அசலைவிடப் பாதி விலை சொன்னால் அங்கேயே சந்தேகப்படு. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கு. எஸ்கேஎஃப், ஷாஃப்லர் இரண்டும் பெட்டியைக் கைபேசியில் படம் பிடித்துச் சரிபார்க்கவே செயலி வைத்திருக்கின்றன. 1950ல் முதல் பேரிங்கைச் செய்த ஜெய்ப்பூர் என்பிசியும் நம்பி வாங்கக்கூடிய பெயர்தான். பழைய சரக்கு மெழுகுக் காகிதத்தில் சுற்றியபடி வந்தால் ஒதுக்காதே, பிரித்துப் பார். உருளையில் ஊசிமுனை அளவு துரு இருந்தாலும் திருப்பிக் கொடு. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரப்போவது உன் குழந்தைகள்.

மாட்டும்போதும் விட்டுக்கொடுக்காதே. ஆக்சில் தேய்ந்து கோன் லூசாக இருந்தால், பஞ்ச் அடித்து டைட் பண்ணிவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். வேண்டாம் என்று உரக்கச் சொல். ஹப்புக்குள் கப் சுழன்று தேய்ந்திருந்தால் நல்ல லேத்தில் கொடுத்து முறையாகப் புஷ் போடச் சொல். பழைய கப்பில் புதுக் கோனைப் போட விடாதே, இரண்டையும் செட்டாக மாற்று. ஆயில் சீலும் புதிதாகவே இருக்கட்டும். கிரீஸை உருளைகளுக்கு இடையில் உள்ளங்கையால் அழுத்தி ஏற்று. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கையேட்டில் சொன்ன அளவுக்கு ஆட்டம் விட்டு ஸ்பிளிட் பின்னைப் போடு. ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் புது பேரிங்கும் சூட்டில் வெந்துபோகும்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி ஹப்பைத் தொட்டுப் பார். பிரேக் உரசாமலேயே கை வைக்க முடியாத அளவு சுடுகிறது என்றால் இறுக்கம் அதிகம், மறுபடி தளர்த்து. வெதுவெதுப்பாக இருந்தால் சரி. அடுத்து ஜாக்கியை வலப்பக்கம் கொண்டுபோ.