பட்டியலில் எழுதும் தர்மம்

ஆரணியை அடுத்த சேவூரில் பட்டுத் தறியில் அமர்பவரும், சென்னையில் அலுவலக வேலை பார்க்கும் அவர் மகனும் நம்மிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "உடன் வேலை செய்வோர் நன்கொடைப் பட்டியலை நீட்டுகிறார்கள், நிதிக்காக ஓடவும் அழைக்கிறார்கள். சேரலாமா?"

புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், அந்நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980-ல் செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோ மீட்டர் ஓடினார். அவர் பெயரால் சென்னையிலும் ஓட்டம் நடந்துள்ளது. இத்தகைய நற்காரியத்தில் பிற சமயத்தாரோடு சேருவதில் தவறில்லை.

பலர் பார்க்கக் கொடுப்பது முகஸ்துதி ஆகாதா? வெளிப்படையான தர்மமும் நல்லதே. மறைத்து ஏழைக்குக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்பது திருமறையின் (2:271) கருத்து. முளர் கூட்டத்தார் வறுமைக் கோலத்தில் மதீனா வந்தபோது, அன்ஸாரித் தோழர் ஒருவர் கனத்த பையொன்றைக் கொண்டுவந்தார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் கொடுத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மலர்ந்தது. ஆக, பிறரைத் தூண்டும் வெளிப்படை குற்றமன்று. பிறரை வெட்கப்படுத்துவதே குற்றம்.

மேலதிகாரி 1,000 ரூபாய் எழுதிய தாளில், வாடகை பாக்கி வைத்திருப்பவர் அஞ்சி 500 எழுதினால் அது தர்மமா? மனமுவந்து தராத பொருள் ஹலாலாகாது. உழைத்து ஈட்டிய சிறு பொருளைக் கொடுத்தவரைக் கேலி செய்தோரைத் திருமறை (9:79) கண்டிக்கிறது.

எனவே வசூலிப்போரே, பட்டியலை விடுத்து மூடிய உண்டியலை வையுங்கள். கொடுப்போரே, நிய்யத்தைச் சீர் செய்யுங்கள். இதை ஜகாத்தில் கணக்கிடாதீர்கள். ஊருக்காக ஓடும் கால், தறி நின்றுபோன அண்டை வீட்டு வாசலுக்கும் நடக்கட்டும். அல்லாஹ் நமக்கு இக்லாஸைத் தந்தருள்வானாக! ஆமீன்.